தெளிந்த தண்ணீரின் உப்பு

(திருப்பூரில் பின்னலாடைத் தொழிலில் இருப்பவர்களிடையே நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

சம்பளம் போடுகிற சனிக்கிழமையாகப் பார்த்துக் கூட்டம் வைக்காமல் விட்டார்களே, அதற்கே அமைப்பாளர்களுக்கு முதல் நன்றி. அன்றைக்கு வைத்திருந்தால் இந்த நாற்காலிகளுக்குத்தான் நான் பேச வேண்டியிருந்திருக்கும்.

எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு நீளமானது. ஒரு நிறுவனத்தின் வேலைகள் சுற்றுச்சூழலை எங்கெங்கே பாதிக்கின்றன என்று கண்டறிவது, அவற்றில் எதை முதலில் கவனிப்பது என்று முடிவு செய்வது. ஐ.எஸ்.ஓ. 14001 சான்றிதழ் வாங்கியவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். அந்தத் தரநிலை 1996-ல் வந்தது. அதற்கு முன்னோடி பிரிட்டன் 1992-ல் வெளியிட்ட பி.எஸ். 7750. இரண்டிலும் முதுகெலும்பு ஒன்றுதான்: பட்டியல் போடு, தரம் பிரி, மேலே இருப்பதை முதலில் பார். சொல்ல எளிது. நான் பார்த்தவரை இந்தப் பட்டியலைத் தப்பாகப் போடுகிறவர்களில்தான் படித்தவர்கள் அதிகம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நான் 1990களில் ஒரு சாய லேபில் வேலைக்குச் சேர்ந்தவன். அப்போது ஊரே ஒரு விஷயத்தைத்தான் பேசிக்கொண்டிருந்தது: நொய்யலில் கலர் ஓடுகிறது. ஒரு நாள் சிவப்பு, மறுநாள் நேவி புளூ. அடுத்த சீசனில் எந்தக் கலர் ஓடும் என்று ஆற்றைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று கேலி பேசுவார்கள். ஆகவே எங்கள் பட்டியலில் முதலிடம் கலருக்கு. சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்ஃபேட்டும் போட்டுக் கலக்கினால் சாயம் கசடாகத் திரண்டு அடியில் உட்கார்ந்துவிடும். மேலே நிற்கிற தண்ணீரைக் கண்ணாடிக் குடுவையில் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்போம். தெளிவாக இருந்தால் எங்களுக்குள் ஒரு பெருமிதம். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் முதலில் இந்த வழியில்தான் வந்தன.

அந்த நாட்களில் ஆற்றுக்குக் கீழ்ப்பக்கம் ஒரு தோட்டத்துக்குத் தண்ணீர் மாதிரி எடுக்கப் போனேன். தோட்டக்காரர் வயதானவர். கிணற்றிலிருந்து ஒரு வாளி சேந்தினார். பார்த்தால் அப்படி ஒரு தெளிவு. வாளியின் அடியில் இருந்த நெளிவுகூடத் தெரிந்தது. “கலரே இல்லீங்களே” என்றேன், என்னவோ நான்தான் அதை எடுத்துவிட்ட மாதிரி. அவர் ஒரு டம்ளரில் மொண்டு நீட்டினார். “கலரு இல்லீங்க. வாயில வச்சுப் பாருங்க.” வைத்தேன். துப்பிவிட்டேன். “நீங்க துப்பிட்டீங்க. தென்னை எங்கீங்க துப்பும்?” என்றார். வாய்க்கால் ஓரத்தில் மண் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. தென்னங்கீற்றின் நுனிகள் தீ பட்ட மாதிரி காய்ந்திருந்தன.

இன்றைக்கு நான் சொல்ல வந்தது முழுவதும் அந்த டம்ளருக்குள் இருக்கிறது. நாங்கள் கண்ணுக்குத் தெரிந்ததைப் பட்டியலின் மேலே எழுதினோம். கேடு செய்தது கண்ணுக்குத் தெரியாதது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது உங்கள் தொழில், தப்பு வந்தால் உடனே கை தூக்குங்கள். முந்நூறு கிலோ பிடிக்கிற ஒரு சாஃப்ட் ஃப்ளோ சாய மெஷின். துணிக்கும் தண்ணீருக்கும் ஒன்றுக்கு எட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை நிரப்ப 2,400 லிட்டர். காஸ்டிக்கும் பெராக்சைடும் போட்டு ஒரு வேக்காடு, வடித்து ஒரு அலசல், ஆசிட் கொடுத்து நடுநிலைக்குக் கொண்டுவருவது, பிறகு சாயம், அலசல், மறுபடி ஆசிட், சோப்பு, வெந்நீர் அலசல், குளிர்ந்த அலசல், கடைசியில் ஃபிக்சிங்கும் சாஃப்ட்னரும். சுமார் பத்து தடவை நிரப்பி, பத்து தடவை வடிக்கிறோம். மொத்தம் 24,000 லிட்டர். சரிங்களா?

இதில் சாயம் போடுகிற அந்த ஒரு தடவையில் உப்பு போடுகிறோம். அடர்ந்த நிறமென்றால் லிட்டருக்கு 70 கிராம். 2,400 லிட்டருக்கு 168 கிலோ. இந்த உப்பு துணிக்குள் போகிறதா? போவதில்லை. பருத்தியும் ரியாக்டிவ் சாயமும் தண்ணீரில் ஒன்றையொன்று தள்ளிவிடும் குணம் உள்ளவை. உப்பு நடுவே புகுந்து சாயத்தைத் துணியின் பக்கம் நெட்டித் தள்ளுகிறது. கல்யாணத் தரகர் மாதிரி: இரண்டு பேரையும் சேர்த்து வைத்துவிட்டு, தான் வந்த வழியே வாசலைப் பார்த்துப் போய்விடும். போட்ட 168 கிலோவும் அலசலோடு சேர்ந்து வடிகாலுக்கு வந்துவிடும். அதை 24,000 லிட்டரால் வகுத்தால் லிட்டருக்கு 7,000 மில்லிகிராம். வெளியே விடும் நீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. சாயப்பட்டறைக்காரர் எவரும் இந்த 2,100 என்ற எண்ணைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்.

சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்ஃபேட்டும் இந்த உப்பை என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. கரைந்த உப்பை அவை தொடவே தொடாது. சுத்திகரித்ததாக நாங்கள் பெருமைப்பட்ட தண்ணீர், கலர் போன உப்புக்கரைசல்.

மேலும் ஒரு படி. நாளைக்குப் பத்து லாட் ஓடுகிற பட்டறை, எல்லாம் டார்க் ஷேடு என்றால், 1,680 கிலோ உப்பு. 300 வேலை நாளுக்கு 504 டன். ஒரு பட்டறை, ஓர் ஆண்டு. திருப்பூரில் 700-க்கு மேற்பட்ட பட்டறைகள் இருந்தன. எல்லாமே இந்த அளவுள்ளவை இல்லை, எல்லா நாளும் டார்க் ஷேடும் ஓடாது; பெருக்கலை உங்களிடமே விடுகிறேன்.

இந்த இடத்தில்தான் பட்டியல் போடுகிறவர் வழுக்கி விழுகிறார். அவர் ஒரு கம்பெனியின் மேஜையில் உட்கார்ந்து யோசிக்கிறார். “நம்ம பட்டறையோட உப்பு மட்டும் ஆத்துக்குப் போனா என்ன ஆகிடும்?” ஒன்றும் ஆகாது, உண்மைதான். ஆகவே மதிப்பெண் படிவத்தில் தீவிரம் என்ற பத்தியில் மூன்று. நூற்றுக்கணக்கான பட்டறைகளிலும் தனித்தனியாக மூன்று. எல்லாப் பட்டியலிலும் உப்பு நடுவில் இருக்கும், ஆறு செத்திருக்கும்.

நொய்யல் எப்படிப்பட்ட ஆறு என்பதையும் பார்க்க வேண்டும். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவையைக் கடந்து, நம் ஊரைக் கடந்து, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற ஊரருகே காவிரியில் சேர்கிறது. மழைக்காலத்தில்தான் ஆறு, மற்ற நாளில் மணல். வருடம் முழுவதும் வெள்ளம் ஓடுகிற ஆறாக இருந்தால் உப்பைக் கரைத்துக் கடலில் சேர்த்திருக்கும். இங்கே கரைக்கத் தண்ணீரே இல்லை. பட்டறைத் தண்ணீர்தான் ஆறாக ஓடியது. ஒரே உப்பு, ஒரே அளவு, இடம் மாறினால் கேடு மாறும். மதிப்பெண் படிவத்தில் நம் மெஷினைப் பற்றிப் பத்துக் கேள்வி இருக்கிறது, ஆற்றைப் பற்றி ஒன்றுகூட இல்லை என்றால் அந்தப் படிவத்தைக் கிழித்துப் போடலாம்.

ஒரத்துப்பாளையம் அணை உங்களுக்குத் தெரியும். 1990களின் தொடக்கத்தில் பாசனத்துக்காகக் கட்டியது. சில ஆண்டுகளிலேயே அது சாயக்கழிவு தேங்குகிற தொட்டியாகிவிட்டது. அணையைத் திறந்து விடுங்கள் என்று விவசாயி கேட்பது நாட்டு வழக்கம். இங்கே “திறக்காதீங்க” என்று கேட்டார்கள். பிறகு நீதிமன்றப் படி ஏறினார்கள். 1996-ல் வேலூர் தோல் தொழிற்சாலைகள் வழக்கில், மாசு செய்தவரே இழப்பைக் கட்ட வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்றுக்கொண்டது. பாலாற்று மாசுக்காக எழுதிய அந்தத் தீர்ப்பின் நிழல் நொய்யலிலும் விழுந்தது. 2006-ல் ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் கெடு விதித்தது. 2011 ஜனவரி 28-ம் தேதி எல்லாச் சாய, சலவைப் பட்டறைகளையும் மூடச் சொன்னது. அந்த நாட்களில் ஊர் எப்படி இருந்தது என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கரண்ட் பிடுங்கிய பட்டறைகள், பக்கத்து மாநிலத்துக்கு லாரியில் போன துணி, ஊருக்குத் திரும்பிப் போன தொழிலாளிகள். நாம் நடுவில் எழுதியிருந்த ஒரு வரியை நீதிமன்றம் முதல் வரியாக்கியது, அவ்வளவுதான் நடந்தது.

இனி அந்தப் படிவத்துக்கு வருகிறேன். ஆடிட்டர்கள் இரண்டு சொல் சொல்வார்கள்: ஆஸ்பெக்ட், இம்பாக்ட். ஆஸ்பெக்ட்டை நான் உரசும் இடம் என்பேன். நம் வேலை வெளி உலகத்தோடு எங்கே உரசுகிறது என்பது. இம்பாக்ட் என்பது அந்த உரசலால் வெளியே ஏற்படுகிற மாற்றம். உப்புத் தண்ணீரை வடிகாலில் விடுவது உரசும் இடம். கிணறு உவர்ப்பது மாற்றம். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ‘தண்ணீர் மாசு’ என்று மட்டும் எழுதிவைத்தால் எந்த வால்வை யார் எப்போது மூடுவது என்று எவருக்கும் தெரியாது.

பட்டியல் எழுதும்போது மூன்று நிலைமையையும் எழுதச் சொல்கிறது தரநிலை: வழக்கமான நாள், வழக்கம் தப்பிய நாள், விபத்து. நம் ஆட்கள் முதலாவதை மட்டும் அழகாக எழுதுவார்கள். பாய்லர் பழுதாகி, கழிவுநீரைக் காய்ச்சும் எவாப்பரேட்டர் நின்றுபோன நாளில் தண்ணீர் எங்கே நிற்கும்? ராத்திரி ஒன்றரை மணிக்கு மழை கொட்டும்போது தொட்டி விளிம்பு வரை நிறைந்திருந்தால் ஷிஃப்டில் இருக்கிற பையன் என்ன செய்வான்? மழையும் இருட்டும் சேர்ந்தால் நொய்யலுக்கு என்னென்ன வரும் என்று இந்த அரங்கில் தெரியாதவர் இல்லை. சிரிக்கிறீர்கள். சரி, மேலே போகலாம்.

அடுத்தது பெருக்கல். தீவிரத்தையும் நிகழ்தகவையும் பெருக்கு, பெரிய எண் வந்தால் முக்கியம் என்கிறது படிவம். ஐந்தை ஒன்றால் பெருக்கினாலும் ஐந்து, ஒன்றை ஐந்தால் பெருக்கினாலும் ஐந்து. தினமும் வீணாகிற அட்டைப் பெட்டியும், என்றைக்கோ ஒரு நாள் வெடிக்கக்கூடிய தொட்டியும் ஒரே மதிப்பெண்ணில் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும். போபாலை எடுத்துக்கொள்ளுங்கள். 1984 டிசம்பர் 2-ம் தேதி இரவு யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து சுமார் 40 டன் மெத்தில் ஐசோசயனேட் வாயு வெளியேறியது. அந்தத் தொட்டியைக் குளிர வைக்க வேண்டிய இயந்திரத்தை மாதக்கணக்கில் நிறுத்தி வைத்திருந்தார்கள். வாயுவை எரிக்க வேண்டிய கோபுரத்தின் குழாய் இணைப்பிலேயே இல்லை. ‘நடக்க வாய்ப்பு ஒன்று’ என்று எவரோ மனதுக்குள் போட்ட மதிப்பெண்தான் அதையெல்லாம் நிறுத்தி வைக்கும் தைரியத்தைக் கொடுத்திருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். திரும்பப் பெற முடியாத கேடு என்றால் பெருக்கிப் பார்க்கவே கூடாது. நேரே மேலே ஏற்றிவிட வேண்டும்.

இன்னொரு தந்திரமும் படிவத்துக்குள் இருக்கிறது. ‘கட்டுப்படுத்தும் எளிமை’ என்று ஒரு பத்தி வைப்பார்கள். கட்டுப்படுத்தச் செலவு அதிகம் என்றால் மதிப்பெண் குறையும். அதாவது நம்மால் முடியாதது முக்கியமில்லாததாக ஆகிவிடும்! எது முக்கியம் என்பது ஒரு கேள்வி. எதை எப்போது செய்யக் காசு இருக்கிறது என்பது வேறு கேள்வி. இரண்டாவதைத் தனித் தாளில் போடுங்கள். காசு இல்லை என்று முதலாளி சொல்வதில் எனக்குப் புகார் இல்லை. காசு இல்லாததால் பிரச்சினையே இல்லை என்று தாளில் எழுதுவதில்தான் புகார்.

ஒரு அனுபவம். சில வருடங்களுக்கு முன் ஓர் ஏற்றுமதி நிறுவனத்துக்குத் தணிக்கைக்குப் போனேன். பெயர் வேண்டாம். கட்டிங், பவர் டேபிள், செக்கிங், அயர்னிங், பேக்கிங். உள்ளே சாயவேலை கிடையாது. சுத்தமான கம்பெனி, தரையில் நூல் பிசிறுகூட இல்லை. அவர்கள் பட்டியலில் முதல் மூன்று இடம்: டியூப் லைட் உடைவது, ஜெனரேட்டர் புகை, அலுவலகத்தில் காகிதம் வீணாவது. காகிதத்துக்காக இலக்கு, பயிற்சி, சுவரில் போஸ்டர் எல்லாம் இருந்தது. “சாயம் எங்கே போடுறீங்க?” என்றேன். “அது வெளியில ஜாப் ஒர்க்குங்க சார். நம்ம லிஸ்ட்ல வராதுங்க” என்றார் மேனேஜர், மரியாதையாக, கொஞ்சம் நிம்மதியோடு. அவர் கம்பெனி வெளியே விடுகிற மொத்தத் தீங்கில் பெரும்பங்கு அந்த ஜாப் ஒர்க் பில்லில் இருக்கிறது. எந்த ஷேடு, எவ்வளவு கிலோ, என்ன ரேட், எத்தனை நாளில் வேண்டும் என்று முடிவு செய்கிறவர் அவர். கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறை என்று நெருக்கும்போது அந்த இரண்டு ரூபாய் எங்கிருந்து குறையும் என்று அவருக்குத் தெரியாதா? 2015-ல் திருத்திய தரநிலை, பொருளின் ஆயுள் முழுவதையும் மனதில் வைத்து யோசிக்கச் சொல்கிறது. கேட்டுக்கு வெளியே நடந்தாலும் உன் சொல்லுக்குக் கட்டுப்படுகிறது என்றால் உன் கணக்கு.

கேட்டுக்கு வெளியே போவது என்றால் எனக்குக் கொடைக்கானல்தான் ஞாபகம் வரும். அமெரிக்காவில் மூடப்பட்ட ஒரு தெர்மாமீட்டர் ஆலை 1980களில் கொடைக்கானல் மலைக்கு வந்தது. பிறகு இந்துஸ்தான் லீவரின் கைக்குப் போனது. உடைந்த தெர்மாமீட்டர் கண்ணாடியைப் பழைய இரும்புக் கடைக்கு விற்றிருந்தார்கள். கண்ணாடியில் பாதரசம். 2001-ல் மூஞ்சிக்கல் அருகே ஒரு குடோனில் அந்த மூட்டைகளை ஊர்க்காரர்களும் பழைய தொழிலாளர்களும் காட்டிக்கொடுத்தார்கள். அந்த ஆண்டே ஆலை மூடப்பட்டது. 2003-ல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது. பழைய தொழிலாளர்கள் 591 பேரோடு சமரச ஒப்பந்தம் 2016-ல்தான் முடிந்தது. கணக்குப் புத்தகத்தில் அந்தக் கண்ணாடி எந்தத் தலைப்பில் இருந்திருக்கும், யோசியுங்கள். பழைய பொருள் விற்ற வரவு. நம்மிடமும் கெமிக்கல் டிரம்கள் வெளியே போகின்றன; நாளைக்கு எவர் வீட்டிலோ தண்ணீர் பிடிக்கிற டிரம்மாக அது நிற்கும். ஸ்கிராப் ரசீதுப் புத்தகத்தையும் பட்டியல் போடும்போது பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான்.

சரி, நீதிமன்றம் மூடச் சொன்ன பிறகு நம் ஊர் என்ன செய்தது? இதை வெளியூர்க்காரர்களிடம் நான் பெருமையாகவே சொல்வேன். அரசு வட்டியில்லாக் கடன் கொடுத்தது. நாமும் கையிலிருந்து போட்டோம். கழிவுநீரை உயிரியல் முறையில் சுத்தம் செய்து, ஆர்.ஓ. சவ்வில் தள்ளி, நல்ல தண்ணீரைத் திரும்ப எடுத்து, மிச்சமாகிற கெட்டி உப்புநீரை எவாப்பரேட்டரில் காய்ச்சி உப்பையே பிரித்து எடுக்கிறோம். எடுத்த உப்பைத் திரும்பச் சாயத்துக்கே போடுகிறோம். இத்தனை பட்டறைகள் சேர்ந்து இதைச் செய்த ஊர்கள் உலகத்திலேயே குறைவு.

ஆனால் பழைய பட்டியலை அப்படியே சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறோம். அதில் இன்னும் கழிவுநீர்தான் முதலிடம். தண்ணீரைக் காய்ச்ச நீராவி வேண்டும். நீராவிக்கு விறகு வேண்டும். ராத்திரி பகலாக லாரி லாரியாக வருகிற விறகு எந்தக் காட்டிலிருந்து, எந்தத் தோட்டத்திலிருந்து வருகிறது என்று எவர் பட்டியலிலாவது ஒரு வரி இருக்கிறதா? ஆர்.ஓ.வுக்கும் பம்புக்கும் ஓடுகிற மின்சாரம்? திரும்பப் பயன்படுத்த முடியாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாக ஷெட்டில் அடுக்கியிருக்கிறது. தார்ப்பாய் கிழிந்து மழை இறங்கினால் அது பழையபடி நொய்யலுக்குத்தான் வழி தேடும். ஆற்றில் கரைந்திருந்த கேட்டைக் கெட்டியாக்கி மூட்டை கட்டியிருக்கிறோம். அது முன்னேற்றம்தான், சந்தேகமில்லை. மூட்டையைக் காவல் காக்க முடியும், ஆற்றை முடியாது. ஆனால் இன்றைய பட்டியலில் அந்த ஷெட்டின் கூரை மேலே வர வேண்டும். உப்பே தேவைப்படாத, அல்லது பாதி உப்பில் ஏறுகிற சாயமுறை அதற்கும் மேலே வர வேண்டும். பிறகு காய்ச்சுவதைவிட முதலில் போடாமல் இருப்பது மலிவு என்று அதை விலை விசாரித்தவர்களுக்குத் தெரியும்.

கழிவு எவ்வளவு காலம் கிடக்கும் என்பதற்கு இதே நொய்யல் கரையில் ஒரு சாட்சி இருக்கிறது: கொடுமணல். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் இரும்பு உருக்கிய ஊர், மணிக்கல் தீட்டிய ஊர். தொல்லியல் துறையினர் தோண்டியபோது மணிகளோடு இரும்புக் கசடும் கிடைத்தது. அந்தப் பட்டறை முதலாளி யார் என்று எவருக்கும் தெரியாது. கசடு மட்டும் கிடக்கிறது.

நேரமாகிவிட்டது, முடித்துக்கொள்கிறேன். உள்ளே வரும்போது வாசலில் ஒரு படிவம் கொடுத்தார்கள். மற்றக் கூட்டங்களில் இதை மேனேஜரிடம் கொடுத்து நிரப்பச் சொல்வார்கள். அவர் போன வருடத்துத் தாளைப் பார்த்துத் தேதியை மாற்றிவிடுவார். இந்தத் தடவை அப்படிச் செய்யாதீர்கள். நாளை காலை ஷிஃப்ட் மாறும் நேரத்தில் மெஷினுக்குப் பின்பக்கம் போங்கள். வடிகால் வால்வைத் திறக்கிற ஆள் ஒருவர் இருப்பார். அவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் ஒரு டீ வாங்கிக் கொடுத்து, எது எப்போது எங்கே போகிறது என்று அவரிடம் கேளுங்கள். முதல் பத்தியை அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள். முடிந்தால் ஞாயிற்றுக்கிழமை ஆற்றுக்குக் கீழ்ப்பக்கம் ஒரு தோட்டத்துக்கும் போய்வந்துவிட்டு மதிப்பெண் போடுங்கள்.